நீர் மாத்திரை: மருந்துக்கடை கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கும் ஒரு மருந்துக்கடையில் நான் மருந்தாளராக வேலை செய்கிறேன். இரத்தக் கொதிப்பு இந்த நாட்டில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு அது இருக்கிறது. அவர்களில் நிறையப் பேருக்கு, உடம்பின் உப்பையும் தண்ணீரையும் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையும் சேர்த்தே எழுதுகிறார்கள். ஆனால் மற்ற மாத்திரைகளைப் பற்றிச் சத்தமாகக் கேட்பவர்கள்கூட இதைப் பற்றிக் கேட்கும்போது குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள். "மிஸ், அந்த ஒன்னுக்குப் போற மாத்திரை..." என்று ஆரம்பித்து, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்கள். கேட்கக் கூச்சப்பட்டே பலர் மாத்திரையைப் பேசாமல் நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் என்னிடம் வரும் கேள்விகளை எல்லாம் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

இதில் இருப்பது பொதுவான விவரம். உங்கள் மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களைப் பார்க்கும் டாக்டரின் வேலை.

நீர் மாத்திரை என்பது ஒரே மருந்தா?

இல்லை. முக்கியமாக மூன்று வகை உண்டு. உங்கள் கையில் இருப்பது எது என்று தெரிந்தால்தான் மற்ற பதில்கள் உங்களுக்குப் பயன்படும்.

முதலாவது தயசைட் வகை. ஹைட்ரோகுளோரோதயசைட், இன்டாபமைட் எல்லாம் இதில் சேரும். நிதானமாக வேலை செய்யும், பெரும்பாலும் பிரஷருக்குக் கொடுப்பார்கள். ஹைட்ரோகுளோரோதயசைட் என்றால் பலருக்கு 12.5 அல்லது 25 மில்லிகிராமே போதும். இது தனி மாத்திரையாக மட்டும் வருவதில்லை, வல்சார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்ற பிரஷர் மருந்தோடு ஒரே மாத்திரையில் கலந்தும் வரும். பெட்டியில் மருந்தின் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ 'கோ', 'பிளஸ்', 'எச்.சி.டி.' என்று ஏதாவது ஒட்டியிருந்தால் என்னவென்று கேளுங்கள். "எனக்கு நீர் மாத்திரையே கிடையாது" என்று சொன்னவர்களின் பையிலிருந்து இதை எத்தனையோ முறை எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

இரண்டாவது ஃப்ருசமைட். லாசிக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். இது வேகமானது. இதயம் பலவீனமானவர்கள், கிட்னி அல்லது கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் என்று உடம்பில் தண்ணீர் சேர்ந்தவர்களுக்கு இதை எழுதுவார்கள்.

மூன்றாவது ஸ்பைரோனோலாக்டோன். முதல் இரண்டு வகையும் சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியே அனுப்பிவிடும். இது பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தி வைக்கும். இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

எனக்குக் கால் வீக்கமே இல்லை. வெறும் பிரஷருக்கு எதற்கு நீர் மாத்திரை?

உடம்பில் உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும். இரத்தக் குழாயில் அளவு கூடும், அழுத்தம் ஏறும். தயசைட் அந்த உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகிறது. சில வாரம் போன பிறகு இரத்தக் குழாய்களும் தளர்ந்து கொடுக்கும். அதனால்தான் முதல் வாரத்தில் இருந்த ஒன்னுக்குத் தொல்லை போகப் போகக் குறைந்துவிடும், பிரஷர் மட்டும் இறங்கியே நிற்கும். "இப்போது முன்போல ஒன்னுக்கு வருவதில்லை, மாத்திரை வேலை செய்யவில்லை போல" என்று பயப்பட வேண்டாம்.

இது 1950களின் கடைசியிலிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து வகை. பழசு என்பதால் மட்டம் என்று நினைக்காதீர்கள். 2002இல் வெளியான ஆல்ஹாட் என்ற பெரிய ஆய்வில் 33,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். மாரடைப்பைத் தடுப்பதில், விலை கூடிய புதிய மருந்துகளுக்கு இந்தப் பழைய மருந்து சளைத்ததில்லை என்று அதில் தெரிந்தது.

இதைச் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்களே?

நான் அதிகம் கேட்கும் பயம் இதுதான். கல்யாண வீட்டில் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார், மறுநாளே மாத்திரை அலமாரிக்குள் போயிருக்கும்.

கிட்னி ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகிறது. அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விடுகிறது. உப்பைத் திரும்ப உள்ளே இழுக்கும் வேலையை நீர் மாத்திரை ஓரளவு தடுக்கிறது. உப்பு போனால் தண்ணீரும் கூடவே போகும். நடப்பது இவ்வளவுதான், கிட்னியை யாரும் கசக்கிப் பிழிவதில்லை.

கிட்னியை வருஷக் கணக்கில் அரித்துத் தின்பது கட்டுப்படாத பிரஷரும் இனிப்புநீரும். மாத்திரையை நிறுத்திக் கிட்னியைக் காப்பாற்றியதாக நினைக்கும்போது, காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து போட்டதாகத்தான் ஆகும். இந்த மாத்திரையால் கிட்னிக்கு ஆபத்து வரும் நேரங்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போதும், சில வலி மாத்திரைகளோடு சேரும்போதும் அது நடக்கும். இரண்டைப் பற்றியும் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

எத்தனை மணிக்குப் போட வேண்டும்?

காலையில். ஃப்ருசமைட் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, சுமார் ஆறு மணி நேரம் நிற்கும். இரவில் போட்டால் தூக்கம் கெடும். அதைவிட மோசம், அரைத்தூக்கத்தில் இருட்டில் எழுந்து ஈரமான குளியலறைக்குப் போவது. வயதானவர்கள் இப்படி விழுந்தால் இடுப்பெலும்பே முறியலாம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று எழுதியிருந்தால் இரண்டாவதைப் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குப் போடுங்கள். 'இரண்டு வேளை' என்றதும் காலையும் இரவும் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். இந்த மாத்திரைக்கு அது சரிப்படாது.

வெளியே போகும் நாளில் விட்டுவிடுகிறேன். பரவாயில்லையா?

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா வருவார். இதயம் பலவீனம், ஃப்ருசமைட் 40 மில்லிகிராம். திங்கட்கிழமை பேரனைப் பள்ளியில் விட வேண்டும், மாத்திரை இல்லை. புதன்கிழமை பாலத்தைக் கடந்து மகள் வீட்டுக்கு, மாத்திரை இல்லை. வெள்ளிக்கிழமை கோயில், மாத்திரை இல்லை. வாரத்தில் மூன்று நாள் இப்படியே போயிற்று. ஒருநாள் கடைக்குள் வந்தவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிலிப்பரின் வார் பாதத்தில் பள்ளமாக அழுந்தியிருந்தது. ராத்திரி மூன்று தலையணை வைத்தால்தான் மூச்சு வருகிறது என்றார். அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பினாங்குப் பாலத்தில் நெரிசல் மாட்டிக்கொண்டால் 13 கிலோமீட்டரில் இறங்குவதற்கு ஓர் இடம் கிடையாது. அந்த அவஸ்தை பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் மாத்திரையை விடாமலே அதைச் சமாளிக்கலாம். நேரத்தைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று டாக்டரிடமோ எங்களிடமோ கேளுங்கள். காலை எட்டு மணிக்கு வெளியே போய்ப் பதினொரு மணிக்குத் திரும்புகிறவர் வீடு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். பிற்பகல் வரை தள்ளுவதில் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் இல்லை. சீக்கிரம் எழுகிறவர் விடியற்காலை ஐந்தரைக்கே போட்டால் ஒன்பது மணிக்குள் வேகம் அடங்கிவிடும். எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் கோலாலம்பூர் போகிறீர்களா? ஐந்து மணி நேரப் பயணம், வழியில் ஒரு முறை நிறுத்தினால் பெரிது. அப்படியென்றால் போய்ச் சேர்ந்த பிறகு போடும்படி திட்டம் போடுங்கள். ஆனால் எத்தனை மணி வரை தள்ளலாம் என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தயசைட் வகைக்கு இவ்வளவு கணக்கு தேவையில்லை. சில வாரத்தில் உடம்பு பழகிவிடும்.

அப்புறம் இன்னொன்று. விட்ட நாளைப் பற்றி டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 'மாத்திரை போதவில்லை' என்று அவர் அளவைக் கூட்டிவிடுவார்.

காலையில் மறந்துவிட்டேன். ராத்திரி இரண்டாகப் போடலாமா?

கூடாது. மத்தியானம், பிற்பகலுக்குள் ஞாபகம் வந்தால் போடுங்கள். சாயங்காலம் ஆகிவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் வழக்கமான ஒன்று போதும்.

மாத்திரை தண்ணீரை வெளியேற்றுகிறது. அப்படியென்றால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்க வேண்டுமா?

வெறும் பிரஷருக்கு எடுப்பவர்கள் குறைக்க வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடியுங்கள். நம் ஊர் வெயிலில் வியர்வையாகவே எவ்வளவோ போய்விடுகிறது. ஒன்னுக்குப் பயந்து நாளெல்லாம் நாக்கு வறள இருப்பதுதான் கெடுதல்.

இதய பலவீனமோ முற்றிய கிட்னி நோயோ உள்ளவர்களுக்கு டாக்டர் ஓர் அளவு சொல்லியிருக்கலாம், ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்று. அப்படிச் சொல்லியிருந்தால் தே தாரிக், ரசம், சூப், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். காலையில் ஒரு போத்தலில் டாக்டர் சொன்ன அளவுக்குத் தண்ணீர் நிரப்பி வைத்துவிடுங்கள். தே குடித்தால் அதே அளவு தண்ணீரைப் போத்தலிலிருந்து ஊற்றிவிடுங்கள். போத்தலில் மிச்சம் இருப்பதுதான் அன்றைக்கு நீங்கள் இன்னும் குடிக்கக்கூடிய அளவு.

உப்பைப் பற்றி இவ்வளவு சொல்கிறீர்களே. நான் சமையலில் உப்புக் குறைத்துத்தானே போடுகிறேன்?

வீட்டுச் சமையலில் குறைத்திருப்பீர்கள், நம்புகிறேன். ஆனால் நம் உப்பில் பெரும்பங்கு உப்பு ஜாடியிலிருந்து வருவதில்லை. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தட்டையாக ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். சோடியம் கணக்கில் 2,000 மில்லிகிராம். ஒரு மேசைக்கரண்டி உப்புக் கிச்சாப்பிலேயே 900 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் சோடியம் இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பெலாச்சான், நெத்திலிச் சம்பல், மேகி மீயின் தூள் பொட்டலம் என்று இந்தப் பட்டியலை நீங்களே முடித்துக்கொள்ளலாம்.

பினாங்கில் நாசி கண்டாரை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் அப்படிச் சொல்வதில்லை. 'குவா பஞ்சிர்' கேட்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். நாலு குழம்பையும் கலந்து சோறு மிதக்க ஊற்றும்போதுதான் உப்பு ஏறுகிறது. ஒரு கரண்டி குழம்பை ஓரமாக வைக்கச் சொல்லித் தொட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். மேகி மீ போட்டால் பாதித் தூளைக் குப்பையில் போட்டுவிட்டு, சூப்பைக் குடிக்காமல் விடுங்கள்.

உப்பைக் கொட்டிக்கொண்டே நீர் மாத்திரை போடுவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது போலத்தான். மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போகும், பக்கவிளைவும் கூடவே ஏறும்.

பொட்டாசியம் குறையும் என்று வாழைப்பழமும் இளநீரும் நிறையச் சாப்பிடச் சொன்னார்கள். சரிதானா?

எந்த மாத்திரை என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். தயசைட், ஃப்ருசமைட் எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறையலாம். கால் தசை பிடித்து இழுக்கும், உடம்பு அசதியாக இருக்கும், நெஞ்சு படபடக்கும். இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. இவர்கள் பழம், கீரை சாப்பிடுவது நல்லதுதான். ஸ்லோ கே என்ற பொட்டாசியம் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் மெல்லாமல் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள்.

ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்களுக்குக் கதை தலைகீழ். கூடவே பெரிண்டோபிரில், லோசார்ட்டன், வல்சார்ட்டன் போன்ற பிரஷர் மருந்தும் இருந்தாலோ, கிட்னி கொஞ்சம் தளர்ந்திருந்தாலோ பொட்டாசியம் எகிறிவிடும். அதிகமானால் இதயத் துடிப்பே தாறுமாறாகும், முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாமலும் போகலாம். ஒரு கிளாஸ் இளநீரில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, ஒரு வாழைப்பழத்தில் இருப்பதைவிட அதிகம். வெயிலுக்கு எப்போதாவது குடிப்பது வேறு, உடம்புக்கு நல்லதென்று தினமும் இரண்டு காய் வெட்டிக் குடிப்பது வேறு.

சூப்பர்மார்க்கெட்டில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதையும் கவனியுங்கள். சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். மகனோ மகளோ அக்கறையாக வாங்கி வந்து சமையலறையில் வைப்பார்கள். ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்களும் கிட்னி நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

ஏன் அடிக்கடி இரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு என் அம்மாவை வைத்தே பதில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 71 வயதில், நாங்கள் வழக்கமாகப் போகும் ஒரு கிளினிக்கில் பிரஷருக்குப் புதிதாகத் தயசைட் சேர்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து இரத்தம் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மருந்தாளராக இருந்தும் நானும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் அம்மாவின் பேச்சு மந்தமானது. சாப்பாடு வேண்டாம், குமட்டுகிறது என்றார். ஒருநாள் சாயங்காலம் சாமி மேடையின் முன்னால் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். குச்சியை என்ன செய்வது என்று தெரியவில்லை. என்னைப் பெரியம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வயதாகிவிட்டது, மறதி வருகிறது என்றார் அண்ணன். அவசரப் பிரிவில் இரத்தம் எடுத்தால் சோடியம் 118. சாதாரணமாக 135க்கும் 145க்கும் நடுவில் இருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தி, நாட்கணக்கில் மெதுவாக ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் காலையில் என் பெயரைச் சரியாகச் சொல்லி, "ஏன்மா அழுறே?" என்று கேட்டார்.

தயசைட்டால் சோடியம் இறங்குவது வயதான பெண்களுக்கு, மெலிந்த உடம்புக்காரர்களுக்கு அதிகம் நடக்கும். பெரும்பாலும் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் நடக்கும். நீர் மாத்திரை புதிதாகத் தொடங்கினாலோ அளவு மாறினாலோ ஓரிரு வாரத்தில் சோடியம், பொட்டாசியம், கிட்னி மூன்றையும் இரத்தத்தில் பார்க்க வேண்டும். பிறகு நிலையாக இருந்தால் டாக்டர் சொல்லும் இடைவெளியில் போதும். பொட்டாசியம் 3.5க்கும் 5க்கும் இடையே இருப்பது நல்லது. கிளினிக்கில் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்: "டாக்டர், இதற்கு எப்போது இரத்தம் பார்க்க வேண்டும்?" வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினால், அது வயதால் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது என்று பாருங்கள்.

மூட்டு வலிக்குப் பொன்ஸ்டான் போடலாமா?

நீர் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரையோ மருந்தாளரையோ கேட்காமல் போட வேண்டாம். பொன்ஸ்டான், வோல்டாரன், இபுபுரோஃபென், அர்காக்சியா எல்லாம் ஒரே வேலையைச் செய்யும் வலி மருந்துகள். உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தங்க வைக்கும், பிரஷரை ஏற்றும். நீர் மாத்திரை வெளியே தள்ளுவதை இவை உள்ளே இழுக்கும். நீர் மாத்திரை, பெரிண்டோபிரில் அல்லது லோசார்ட்டன் வகை, அதோடு இந்த வலி மருந்து, மூன்றும் ஒன்று சேர்ந்தால் சில நாட்களிலேயே கிட்னி அடிவாங்கிவிடும். நான் மேலே சொன்ன ஆபத்தில் ஒன்று இதுதான்.

வலிக்குச் சாதாரண பனடோல் அளவோடு போடலாம். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகையில் சோடியம் அதிகம், அது வேண்டாம். வலி மருந்து வாங்க எந்தக் கடைக்குப் போனாலும், "நான் நீர் மாத்திரை எடுக்கிறேன்" என்ற ஒரு வரியை முதலில் சொல்லிவிடுங்கள்.

நாட்டு மருந்து, மூலிகை சேர்த்துச் சாப்பிடலாமா?

சமையலில் சேரும் முள்ளங்கியும் வாழைத்தண்டும் பயமில்லை. பூனைமீசை இலையை, அதாவது மிசாய் கூச்சிங்கை, நீர் மாத்திரையோடு தினமும் கஷாயமாகக் குடிப்பது வேறு விஷயம். அதற்கும் சிறுநீரைப் பிரிக்கும் குணம் உண்டு. இரட்டை மருந்தாகிவிடும்.

அதிமதுரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொண்டை கரகரப்புக்கு ஒரு துண்டு மென்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் தினமும் தேநீராகக் குடித்தால் அது பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தையும் இறக்கும்.

'வலி உடனே பறந்துவிடும்' என்று சொல்லி விற்கும் ஜாமு, மாஜூன் பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டால் முகமும் காலும் வீங்கும், பிரஷரும் சர்க்கரையும் ஏறும். பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இல்லாத எதையும் வாங்காதீர்கள்.

தினமும் எடை பார்க்கச் சொன்னார்கள். எதற்கு?

இதய பலவீனம் உள்ளவர்களுக்கு இதைவிட மலிவான, நம்பகமான கருவி கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கால் வீங்குவதற்கு முன்பே தராசில் தெரிந்துவிடும். காலையில் எழுந்து ஒன்னுக்குப் போன பிறகு, சாப்பிடுவதற்கு முன்னால், ஒரே மாதிரி மெல்லிய உடுப்போடு ஏறி நில்லுங்கள். நம் வீடுகளில் மாட்டியிருக்கும் குதிரை காலண்டரின் அன்றைய கட்டத்திலேயே எண்ணை எழுதிவிடுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் கிளினிக்குக்குச் சொல்லுங்கள். மளமளவென்று இறங்கி, தலையும் சுற்றினால் அதையும் சொல்லுங்கள், தண்ணீர் அளவுக்கு மீறிப் போயிருக்கலாம்.

பிரஷருக்கு அம்லோடிபின் எடுக்கிறேன், கணுக்கால் வீங்குகிறது. நீர் மாத்திரை வாங்கிக்கொள்ளவா?

வேண்டாம். அம்லோடிபினே பலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அது உடம்பில் தண்ணீர் கூடியதால் வருவதில்லை, மெல்லிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து கீழே இறங்குவதால் வருகிறது. நீர் மாத்திரை அதற்கு அவ்வளவாகக் கேட்காது. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து மாற்றுவார்.

ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் அது வேறு கதை. இரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் வந்தால்? தைப்பூச விரதத்தில்?

மேலே சொன்ன இரண்டாவது ஆபத்து இது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ தொடரும் நாளில், ஏற்கெனவே வற்றிய உடம்பிலிருந்து மாத்திரை மேலும் தண்ணீரை எடுக்கும். அன்றே கிளினிக்குக்குப் போன் போட்டு, சரியாகும் வரை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று கேளுங்கள். இனிப்புநீருக்கு எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் எடுப்பவர்கள் அதையும் சேர்த்துக் கேளுங்கள், அதுவும் சிறுநீரைக் கூட்டும் மருந்துதான். டெங்கிக் காய்ச்சலாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

தைப்பூசம் வந்தால் ஒவ்வொரு வருஷமும் இதைச் சொல்கிறேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். பால்குடம் தூக்கி, வெறும் வயிற்றோடு, கொளுத்தும் வெயிலில், தண்ணீரும் குடிக்காமல், காலையில் நீர் மாத்திரையும் போட்டுவிட்டு ஏறினால் பாதிப் படியில் கண் இருட்டிவிடும். நேர்த்திக்கடனை யாரும் விடச் சொல்லவில்லை. விரதம் தொடங்குவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து, அந்த நாட்களுக்கு என்ன செய்வது என்று எழுதி வாங்குங்கள். வழியில் தண்ணீர்ப் பந்தலில் நின்று குடியுங்கள். ஒருவரைக் கூடவே நடக்கச் சொல்லுங்கள்.

எழுந்தால் தலை சுற்றுகிறது.

முதல் சில வாரம் இப்படி இருக்கலாம். கட்டிலில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் கழித்து எழுங்கள். பிரஷர் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் உட்கார்ந்தும் நின்றும் பார்த்து இரண்டையும் எழுதி வாருங்கள். தலைசுற்றல் தொடர்ந்தாலோ விழுந்துவிட்டாலோ அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

கால் பெருவிரலில் கவுட் வந்தது. மாத்திரையாலா?

இருக்கலாம். கவுட் என்பது யூரிக் ஆசிட் கூடி மூட்டு வீங்கி வலிப்பது. தயசைட்டும் ஃப்ருசமைட்டும் அந்த யூரிக் ஆசிட்டை ஏற்றும். கவுட் இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். தயசைட் சர்க்கரையையும் சிறிதளவு ஏற்றலாம், சிலருக்குத் தோல் வெயிலைத் தாங்காமல் சிவக்கும். ஸ்பைரோனோலாக்டோனால் ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை, மாற்று மருந்து இருக்கிறது.

மருந்துப் பையில் எல்லாம் மலாயில் இருக்கிறது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

சில சொற்கள் தெரிந்தால் போதும். 'பாகி' என்றால் காலை, 'தெங்கா ஹாரி' மத்தியானம், 'மாலாம்' இரவு. 'செகாலி செஹாரி' ஒரு நாளைக்கு ஒரு தடவை. 'செத்தெங்கா' என்றால் அரை மாத்திரை, இதைத் தவறவிட்டு முழுதாகப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 'பிலா பெர்லு' தேவைப்பட்டால் மட்டும். பையின் மேல் தமிழில் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது சூரியன் படம் போட்டு வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் கம்பெனி மாறும், நிறம் மாறும். பழையதில் மிச்சம் இருக்க, புதியது வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுவிடுவார்கள். லாசிக்ஸும் ஃப்ருசமைட்டும் ஒன்றேதான். நிறத்தை நம்பாமல் பெயரைப் பாருங்கள்.

எப்போது உடனே 999ஐ அழைக்க வேண்டும்?

படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சு வலி, மயங்கி விழுவது, இதயம் தாறுமாறாக அடிப்பது, திடீர்க் குழப்பம், வலிப்பு, முகமும் உதடும் வீங்கி மூச்சு அடைப்பது. இதில் எது வந்தாலும் யோசிக்காமல் அழையுங்கள், கையில் மருந்துப் பையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கால் வீங்குகிறது. என்னிடம் மிச்சம் இருப்பதில் இரண்டு கொடுக்கலாமா?

நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் அவருடைய வீக்கம் இதயத்தாலா, கிட்னியாலா, அம்லோடிபினாலா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாத்திரைக்குப் பதிலாக அவரைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் நிறுத்தச் சொன்ன பழைய மாத்திரைகள் வீட்டில் கிடந்தால் சாக்கடையிலோ கழிப்பறையிலோ கொட்ட வேண்டாம். ஒரு பையில் போட்டு அரசு மருத்துவமனை அல்லது கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.